கடைசிக் காலம்

தமயந்தி எங்கள் ஆபீஸுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தாள். எண்பத்தெட்டாம் வருஷம், ஆனி மாதம், அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. கார்டன் ரீச் பக்கம் ஆற்றங்காற்று ஜிலுஜிலுவென்று வீசும் என்று மற்ற கல்கத்தாக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்; எங்களுக்கு வந்ததெல்லாம் டீசல் வாடைதான். அந்தப் புழுக்கத்தில் ஒரு கையில் கடுகெண்ணெய் கலந்த ஜால்முரிப் பொரிப் பொட்டலமும் மறு கையில் புடவைக் கொசுவமுமாக இரண்டு மாடி ஏறி வந்து, வராந்தாவில் இருந்த நோட்டீஸ் போர்டின் முன்னால் மூச்சு வாங்க நின்றாள். பின்னாலேயே அவள் கணவர் சிவலிங்கம், எங்கள் ஸ்டோர்ஸ் கிளார்க், தண்ணீர் பாட்டிலோடு வந்தார். போர்டில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நான் தயாரித்த லிஸ்ட் ஒட்டியிருந்தது. ஊழியர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் ரத்த வகை. கிடைப்பதற்கு அரிதான வகைகளைத் தனியே பிரித்தெடுத்து, மேலே ஒரு பெட்டி கட்டி அதற்குள் போட்டிருந்தேன். ஓ நெகட்டிவ், ஏழு பேர்.

தமயந்திக்கும் ஓ நெகட்டிவ். மூத்த குழந்தை பிறந்து மூன்றாம் நாளே போய்விட்டது. அதன் ரத்தம் பாசிட்டிவ். அந்தப் பிரசவத்தோடு இவள் உடம்பு பாசிட்டிவ் ரத்தத்தைப் பகையாளியாக நினைக்க ஆரம்பித்துவிட்டது, இனி இவளுக்கு ஓ நெகட்டிவைத் தவிர ஒரு சொட்டு ஏற்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால்தான் சிவலிங்கம் அவளை அழைத்து வந்திருந்தார். அவளுடைய பயம் போக வேண்டுமாம். தமயந்தி கண்ணாடியில் விரல் வைத்து ஏழு பேர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“ஏழு அண்ணன்மாரு இருக்காவளே எனக்கு. இனிமே என்ன பயம்?”

“எல்லாம் இந்த மேடம் போட்ட லிஸ்டுதான்,” என்றார் சிவலிங்கம். ஏழு பேர்களையும் டைரியில் எழுதிக்கொண்டார். அவர்கள் போன பிறகு பார்த்தால் கண்ணாடியில் கடுகெண்ணெய் விரல் தடம், பெட்டியின் மேல் கோணலாக ஒரு கோடு. துடைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அந்த லிஸ்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் ஆபீஸில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. எல்லோர் விரலிலும் குத்தி, வகை பார்த்து, பேருக்கொரு ரோஸ் அட்டை எழுதினார்கள். அட்டைகளை ஆளுக்குக் கொடுக்காமல் மொத்தமாக எங்கள் நலப்பிரிவில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தூங்கின. எண்பத்தேழு கடைசியில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அதற்குக் கண்ணாடி அறை, ஏ.சி., செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். லேக் மார்க்கெட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஷியாமளாவாகிய நான், ஆறு வாரம் ஸ்ப்ரெட்ஷீட் படித்துவிட்டு வந்தவள் என்பதால் அந்தச் சந்நிதிக்குப் பூசாரி ஆனேன். திரை முழுக்கக் கட்டங்கள். குறுக்கே போவது ரோ, கீழே இறங்குவது காலம். காலம் என்றுதான் ஆபீஸ் தமிழில் சொல்வோம். ‘கடைசிக் காலத்துல டோட்டல் போடு’ என்றால் எங்களில் யாருக்கும் வேறு அர்த்தம் தோன்றாது.

முதலில் ஆறு காலங்கள். வரிசை எண், பேர், பிரிவு, விலாசம், டெலிபோன், கடைசியில் ரத்த வகை. ஏ முதல் எஃப் வரை என்று எல்லை கொடுத்து, பேரை அகர வரிசையில் அடுக்கு என்று கட்டளையிட்டால் இரண்டு நொடியில் நானூற்றுச் சொச்சம் பேரும் இடம் மாறி வரிசையில் நிற்பார்கள். நான் அதை மூன்று தடவை வேண்டுமென்றே செய்து பார்த்துக் கர்வப்பட்டேன். வங்காளிகள் ஒழுங்காக நின்றார்கள். தமிழர்கள்தான் தகப்பனார் பேரின் முதல் எழுத்தைத் தலையில் சுமந்துகொண்டு கண்ட இடத்தில் போய் நின்றோம். கே. திருவேங்கடம் கே-யில் நின்றார். எங்கள் நல அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் சார் தன் பேரை எஸ்ஸில் தேடிப் பார்த்து, “நான் என்ன ரிடையர் ஆயிட்டேனா?” என்று கேட்டார். அவர் வி-யில் இருந்தார், கடைசிப் பக்கத்தில்.

அதற்காக இனிஷியலுக்கென்று தனியாக ஒரு காலம் சொருகினேன், பேருக்குப் பக்கத்தில். ஆறு ஏழானது. ரத்த வகை எஃப்பிலிருந்து ஜி-க்குத் தள்ளிப்போனது. மறுபடி அடுக்கச் சொல்லும்போது கைப்பழக்கத்தில் ஏ முதல் எஃப் என்றே எல்லையை அடித்தேன். முதல் ஆறு காலங்களும் ஒன்றாகக் கைகோத்து இடம் மாறின. கடைசிக் காலம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. யாருடைய ரத்தமோ யாருடைய பேருக்கு எதிரிலோ. ஒரு சத்தமில்லை, எச்சரிக்கை இல்லை. தப்பான லிஸ்டும் சரியான லிஸ்ட் அளவுக்கே அழகாக இருக்கும் என்று அந்த ஆறு வாரத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. கோடு போட்டேன், பெட்டி கட்டினேன், வட்டப்படம் ஒன்று வரைந்து மூலையில் சேர்த்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் போர்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

ஒரே ஒருவர் கேட்டார். டெஸ்பாட்ச் மண்டல் பாபு. “ஷியாமளா தி, என் ரத்தம் ஏ ஆச்சே, ஓ என்று போட்டிருக்கிறாயே” என்றார், வங்காளத்தில். அங்கே ‘தி’ என்றால் அக்கா. அவருக்கு ஆபரேஷன் ஆனதால் தன் வகை தெரியும். அட்டை எழுதினவன் தூங்கியிருப்பான் என்று நினைத்து அவருடைய கட்டத்தை மட்டும் திருத்தினேன்; அன்று முழுக்க நான் எவ்வளவு பொறுப்பானவள் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஆடியில் மழை ஊற்றியது. தமயந்திக்குத் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே வலி வந்துவிட்டது. காலை பத்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திருவேங்கடம் போன் செய்தார். திருவேங்கடம் ஸ்டோர்ஸில் சிவலிங்கத்தின் பக்கத்து மேஜை. செங்கல்பட்டுக்காரர். பெஹாலாவில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கட்டடம். சிவலிங்கத்தின் வீட்டில் பல்பு மாற்றுவதுகூட இவர்தான். “பொண்ணு பொறந்துடுச்சு, ரத்தம் நிக்கல. எடுத்து வச்ச ரெண்டு பாட்டிலும் ஏறிடுச்சு. அந்த ஏழு பேர் எங்கெங்க இருக்காங்க, சொல்லுங்க” என்றார். நான் லிஸ்டைப் பார்த்து ஒவ்வொரு பிரிவுக்கும் போன் போட்டேன். இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை, விலாசத்தைச் சொன்னேன். திருவேங்கடம் முழங்கால் தண்ணீரில் டாக்ஸியைத் தள்ளிக்கொண்டு போய் அவர்களையும் கூட்டி வந்தார். இரண்டு மணிக்குள் ஏழு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஏழு பேருக்கும் பரிசோதித்தார்கள். ஒருவர்கூட ஓ நெகட்டிவ் இல்லை. நகரத்து ரத்த வங்கிகளுக்கு ஆள் போனது. எங்கேயோ ஒரு பாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள், அது தண்ணீரைக் கடந்து வருவதற்குள் மணி நான்காகிவிட்டது. நாலே காலுக்குத் திருவேங்கடம் மறுபடி போன் செய்தார். செய்தியைச் சொல்லிவிட்டு, வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

முகாம் நடத்தியவர்கள்மேல்தான் எல்லோரும் பழி போட்டார்கள். மறு வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு பேரின் பரிசோதனைச் சீட்டு வந்தது. லிஸ்டில் திருத்திவிடு என்று ஸ்ரீனிவாசராகவன் சார் குறிப்பெழுதி அனுப்பினார். நான் பிஸ்கட் டின்னைத் திறந்து அந்த ஏழு பேரின் ரோஸ் அட்டைகளை எடுத்தேன். முதல் அட்டையும் சீட்டும் ஒத்துப்போயின. இரண்டாவதும். ஏழும். அட்டையில் தப்பே இல்லை. அட்டைக்கும் திரைக்கும் நடுவில்தான் ஏதோ நடந்திருந்தது, அங்கே என்னைத் தவிர யாரும் கிடையாது. ஏ.சி. குளிரில் வெறுங்காலோடு உட்கார்ந்து, தகர டின்னை மடியில் வைத்துக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் பார்த்தேன். உண்மையான ஓ நெகட்டிவ்களும் ஏழே பேர்தான். அட்டைகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். ஆறாவது அட்டைக்குப் பிறகு வந்த பேரைப் படித்துவிட்டு, அது வேறு யாராவதாக இருக்கட்டும் என்று பிரிவைப் பார்த்தேன். ஸ்டோர்ஸ். கே. திருவேங்கடம்.

என் லிஸ்டில் அவர் பி பாசிட்டிவ்.

அன்றிலிருந்து ஆபீஸ் எனக்கு ஆபீஸாக இல்லை. கண்ணாடி அறையில் உட்கார்ந்தால் வெளியே யாரோ மூச்சு வாங்க நிற்பது போலிருக்கும்; திரும்பினால் கழற்றிவிட்ட செருப்புகள்தான் இருக்கும். போர்டில் அந்த எண்ணெய்த் தடத்தில் தூசி படிந்து, கோடு முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. பெருக்குகிறவர் கண்ணாடி முழுவதையும் துடைத்தாலும் அது மறுநாள் இருந்தது. கடுகெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போகாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் வராந்தாவின் அந்தப் பக்கம் போகாமல் பின்படி வழியாக ஏறி இறங்கினேன்.

ஸ்ரீனிவாசராகவன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை. என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“லிஸ்டைச் சரி பண்ணிடு,” என்றார்.

“சரி பண்ணி போர்டுல போட்டா திருவேங்கடம் பாத்துடுவாரே சார்.”

“புது வர்ஷன்ல காலத்தை மறைக்கலாம்னு நீதானே அன்னிக்குக் காமிச்சே? உள்ளே இருக்கும், பிரிண்ட்ல வராதுன்னு. அதைப் பண்ணு. யாருக்காவது வேணும்னா நம்மகிட்ட வந்து கேக்கட்டும்.” பிறகு, “அவன்ட்ட சொல்லி யாருக்கு என்ன லாபம்? அவன் தூங்கணுமோன்னோ” என்றார்.

அதில் நியாயம் இருந்தது. என் பேரும் அதற்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளலாம் என்பதும் இருந்தது. கடைசிக் காலத்தின் மேல் கர்ஸரை வைத்து மூன்று விசையைத் தட்டினேன். எஃப் வரைதான் திரையில் தெரிந்தது. அழிக்கவில்லை, சும்மா மறைத்துத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரத்த வகை இல்லாத ரத்த வகை லிஸ்ட் போர்டில் ஏறியது. மண்டல் பாபு அதைப் பார்த்துவிட்டு, ரேஷன் கடை லிஸ்டா என்று கேலி செய்தார்.

சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பெஹாலாவுக்குப் போனேன். லேக் மார்க்கெட்டில் குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டேன். சிவலிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்து “வாங்க மேடம்” என்று எழுந்தார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. குழந்தை திருவேங்கடத்தின் மடியில் இருந்தது. சின்ன ஸ்பூனால் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

“இவளுக்கும் அம்மா ரத்தம்தான்,” என்றார் சிவலிங்கம். “ஓ நெகட்டிவ். டாக்டர் எழுதிக் குடுத்திருக்காவ. நல்லவேளைன்னு சொல்லுதாவ. எனக்கு என்னமோ பயமாத்தான் இருக்கு.”

அவர் காபி போட உள்ளே போனார். திருவேங்கடம் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

“நான் கைய நீட்டினேன் ஷியாமளா தி. என்னுத எடுத்துக்குங்கன்னேன். நர்ஸ் என்ன குரூப்புன்னு கேட்டாங்க. லிஸ்டுல பி பாசிட்டிவ்னு போட்டிருக்கேன்னு சொன்னேன். அப்ப வேணாம், ஓரமா நில்லுங்கன்னுட்டாங்க.” பால் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “ஏழு பேரையும் தேடித் தேடிக் கூட்டியாந்தேன். எட்டாவதா ஒருத்தன் எங்க இருக்கான்னு தெரிஞ்சிருந்தா அவனையும் தூக்கியாந்திருப்பேன்.”

அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று தெரிந்தது. அன்று நான் போனில் சொல்லச் சொல்ல அவர் எழுதிய சீட்டு. மழையில் நனைந்து காய்ந்து மொடமொடவென்று இருந்தது. ஏன் இன்னும் வைத்திருக்கிறார் என்று கேட்கத் தைரியம் இல்லை. குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது. காபியைக் குடித்தேன், சட்டையைக் கொடுத்தேன், சொல்லாமலே திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் அழுதது அவர்களுக்காக இல்லை, கோழையான எனக்காகத்தான்.

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பகல் பதினொன்றரை மணிக்குப் பட்டறையில் இரும்புச் சட்டம் சரிந்து கான்ட்ராக்டில் வந்த ஃபிட்டர் ஒருவரின் தொடையில் விழுந்தது. வாசலில் சத்தம் கேட்டது, வண்டி கிளம்பியது. சற்று நேரத்தில் திருவேங்கடம் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். இந்த மாதிரி வேலைக்கு இப்போது யாரும் அவரைக் கூப்பிட வேண்டியதில்லை, அவரே ஓடினார். போர்டின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு செருப்பை உதறிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் வந்தார்.

“லிஸ்டுல ஒண்ணுமே காணலியே ஷியாமளா தி. ஓ நெகட்டிவ் வேணும். பத்து வருஷம் முன்னாடி வேற ரத்தம் ஏத்தி ரொம்ப சீக்காயிட்டாராம், கார்டு வச்சிருக்காரு. ஓ நெகட்டிவ்தான் ஏத்தணுமாம்.”

மூன்று விசையைத் தட்டினேன். கடைசிக் காலம் போன இடத்திலிருந்து திரும்பி வந்தது. அழியாமல், அப்படியே. ஓ நெகட்டிவ் மட்டும் எடு என்று கட்டளையிட்டேன். ஏழு வரிகள் திரையில் நின்றன. திரை என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “பழைய லிஸ்டு முழுக்கத் தப்பு. முகாம்காரா தப்பு பண்ணலை. நான்தான் பண்ணேன். வரிசைப்படுத்தறச்சே கடைசிக் காலத்தை விட்டுட்டேன். யாருக்குமே அவா அவா ரத்தம் இல்லை அதுல. இது அட்டையைப் பாத்துத் திருத்தினது.”

அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் அது முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கீழே வண்டி ஹாரன் அடித்தது.

“அதெல்லாம் அப்புறம். இப்ப பேரைச் சொல்லுங்க.”

சட்டைப் பையிலிருந்து அந்த மொடமொடத்த சீட்டை எடுத்தார். பழைய ஏழு பேரும் அடிப்பக்கம் போகும்படி திருப்பி, என் மேஜைமேல் வைத்து நீவினார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“அஜய் நஸ்கர், ஷிப்பிங் செக்‌ஷன்,” என்றேன். எழுதினார். “பரிமள் தாஸ், கேட். எம். கலியன், பட்டறை. ப்ரொபீர் பால், டிராயிங். டி. சகுந்தலா, டைப்பிங் பூல். தபன் ஹால்தார், லீவு, விலாசம் கிதிர்பூர்.” அவர் கை வேகமாக ஓடியது. ஒவ்வொரு பேரையும் எழுதி முடித்ததும் பக்கத்தில் சின்னதாக எண் போட்டார்.

“ஆறாச்சு. அவ்வளவுதானா?”

“ஏழு.”

“சொல்லுங்க.”

கண்ணாடிக்கு வெளியே வராந்தாவில் வெயில் விழுந்து, போர்டில் அந்த எண்ணெய்க் கோடு பளிச்சென்று தெரிந்தது. கீழே மறுபடி ஹாரன். தனிக் காலத்தில் ஒதுக்கி வைத்திருந்த இனிஷியலை, நாமெல்லோரும் சொல்கிற வழக்கப்படி, முதலில் சொன்னேன்.

“கே.”

சீட்டில் கே என்று எழுதினார். பக்கத்தில் புள்ளி வைத்தார். புள்ளியிலேயே பென்சிலை ஊன்றிக்கொண்டு, அடுத்த எழுத்துக்காகத் தலை குனிந்தபடி காத்திருந்தார்.